கூரையில் விழுந்த விரிசல்

பண்ணைக் கொட்டகைக்குள்ளேயே வளர்ந்த மூன்று பிராய்லர் கோழிகளைக் காலையில் கறிக்கடை வாசலில் கூண்டோடு இறக்கிவைத்தார்கள். அவை அதுவரை வானத்தைப் பார்த்ததில்லை. மேலே நீலமாகத் தெரிந்ததும் கூரைதான் என்று நினைத்தன. அந்தக் கூரையின் குறுக்கே, உயரத்தில் போன விமானம் விட்ட வெள்ளைக் கோடு ஒன்று நீண்டுகொண்டே போனது.

"விரிசல் விட்டிருக்கு. இடிஞ்சு நம்ம தலையிலதான் விழப்போகுது," என்றது நொண்டிக் கோழி.

"விரிசல் இவ்வளவு நேராவா போகும்? கதவைத் திறக்கறாங்க, அக்கா. நம்மளை வெளியே விடப்போறாங்க," என்றது சிவப்புக் கொண்டை. மூன்றாவது கோழியும் அதற்கு ஆமாம் போட்டது.

அந்த நேரம் பார்த்துக் கூண்டுக்குள் ஒரு கை வந்தது. கையைக் கண்டாலே மூலையில் ஒடுங்குகிற சிவப்புக் கொண்டை, இன்று தானாகவே போய் நின்றது. கொஞ்ச நேரத்தில் கடைக்குள்ளிருந்து அதன் அலறல் கேட்டது.

"ஏன் இப்படிக் கத்துது?" என்றது நொண்டி.

"சந்தோஷம் தாங்கலை போல," என்று சொல்லிவிட்டு, அடுத்து வந்த கையோடு மூன்றாவதும் போனது.

நொண்டி தனியாக நின்று அண்ணாந்து பார்த்தது. கோடு ஒரு முனையிலிருந்து கலைந்துகொண்டே வந்தது. அதற்குப் பகீரென்றது.

மறுபடியும் கை வந்தபோது, காலை இழுத்துக்கொண்டு ஓடிப்போய் அதில் ஒட்டிக்கொண்டது.

"சீக்கிரம் தூக்குங்கண்ணே. கதவைச் சாத்திக்கிட்டே வர்றாங்க."