தோளுக்கு எந்த நார்?

ஒருநாள் தாவுகிற அவசரத்தில் குரங்கு கிளையைக் கோட்டைவிட்டது. தோளில் ஜவ்வு கிழிந்து கை தொங்கிப்போனது.

இலையைத் தைத்துக் கூடு கட்டும் தையல்சிட்டுதான் அந்தக் காட்டுக்கு டாக்டர். அது அலகால் தோளை அமுக்கிப் பார்த்தது.

"புது நார் வெச்சுத் தைக்கணும்ப்பா. உன் தொடையிலேருந்தே கொஞ்சம் எடுக்கலாம். செத்துப்போன மான் தானமாக் கொடுத்த நாரும் இருக்கு. இல்லேன்னா நைலான். மூணுமே தாங்கும். ஆனா நாள் கடத்தினா அப்புறம் கையைத் தூக்கவே முடியாது."

"நாலு பேரைக் கேட்டுச் சொல்றேன் டாக்டர்."

சிட்டு தினமும் ஊசியோடு வந்தது. குரங்கு தினமும் யாரையாவது கேட்டுக்கொண்டிருந்தது. சொந்த நார்தான் ஒட்டும் என்றது கரடி. மான் நார்தான் உசத்தி என்றது முயல். நைலான் என்றால் மழையில் ஊறாது, எலியும் கடிக்காது என்றது நரி.

சிட்டுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கத்த வாயைத் திறந்தபோதுதான் குரங்கின் முதுகுக்குப் பின்னால் இருந்த குவியல் கண்ணில் பட்டது. கொய்யா, மாம்பழம், ஒரு முழுப் பலா! உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க யாராவது வெறுங்கையோடு வருவார்களா?

சிட்டு சிரிப்பை அடக்கிக்கொண்டது.

"ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருந்தாத்தான் பார்க்க வர்ற கூட்டம் அலைமோதும், தெரியுமா?"

குரங்கு சட்டென்று தோளை நீட்டியது.

"இப்பவே தைச்சிடுங்க டாக்டர். மூணுல எதை வெச்சா ரொம்ப நாள் படுத்திருக்கணுமோ, அதையே வைங்க!"