நகர்ந்த எல்லைக்கல்

"முந்நூறு ஏக்கரு சார். எல்லைக்கல்ல மாட்டு வண்டியில ஏத்திக் கொண்டுபோயி அந்தால நட்டிருக்கான். சும்மா விடப்பிடாது."

செல்வசிங் மேசையைத் தட்டிய தட்டில், தேநீர்க் கோப்பை துபாயைத் தாண்டி ஷார்ஜாவுக்கே போய்விடப் பார்த்தது. பேசியது ஆங்கிலம்தான். கோபம் மட்டும் கன்னியாகுமரிக் கடற்கரையைச் சேர்ந்தது.

பறிபோன நிலத்தில் அவனுக்கு ஒரு பிடி மண்கூடச் சொந்தமில்லை. அது வேல்ஸ் நாட்டு மலையிடுக்கில் இருக்கும் ஒரு குட்டித் தேவாலயத்தின் பங்கு, அதாவது அந்தக் கோயிலுக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி. ஜனங்கள் நூற்றுப் பதினாலு, ஆடுகள் ஆறு லட்சம். ஊர்ப் பெயரை முழுதாகச் சொல்லி முடிக்க அவனுக்கு ஒரு வாரமும் நாலு டம்ளர் தண்ணீரும் பிடித்தன.

சர்வே கம்பெனியில் அவன் வரைபடம் போடுகிறவன். மேலாளர் கேரத் அந்தப் பங்கின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். மனைவி மேகனின் அப்பா விட்டுப்போன பிஸ்கட் டப்பா நிறையப் பழைய காகிதங்கள். அவற்றைப் பார்த்து, எந்தக் காலத்தில் எல்லை எங்கே ஓடியது என்று வரைந்து தர, சனிக்கிழமைதோறும் செல்வசிங் அவர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான்.

ஆதியில் ஓடைதான் எல்லை. ஒரு வெள்ளத்தில் ஓடை இடம் மாற, எல்லையும் பின்னாலேயே போனது. சண்டை வராமலிருக்கக் கல் நட்டார்கள். 1882இல், ஒரு மழைநாளில், பக்கத்துப் பங்கின் கோயில் கணக்கப்பிள்ளை அந்தக் கல்லையே கிளப்பிக்கொண்டு போய்விட்டாராம். இப்போது ஏழு பங்குக்கும் சேர்த்து ஒரே பாதிரியார். ஆனாலும் அந்தக் கல்லை யாரும் மறக்கவில்லை.

செல்வசிங்கின் கவலை வேறு. மே மாதம் ஊரில் மகள் ரினிக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்கும் நாள். ஞானஸ்நானத்துக்குத்தான் போக முடியவில்லை, இதற்காவது போக வேண்டும். மனைவி சுகிர்தராணி போனில் சொல்லியிருந்தாள்: "வெள்ளை கவுனு தச்சாச்சு. அப்பா வருவாவளான்னு தெனமும் கேக்கா. நான் என்னத்தச் சொல்ல?"

லீவு மனுவைக் கேரத்திடம் கொடுத்து மூன்று சனிக்கிழமை ஆகிவிட்டது. மனிதர் வாயே திறக்கவில்லை.

துபாயின் தேரா பகுதியில் அவனோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் ரெனீஷ்தான் அப்போதே வழி சொல்லியிருந்தான்.

"லே மக்கா, நம்ம ஊருல பங்கைப் பிரிச்சப்ப எத்தன மண்ட ஒடஞ்சுது? வெள்ளக்காரனுக்கும் அவன் பங்கு உசிருதான். இல்லேண்ணா மெனக்கெட்டு எழுதுவானா? சாருக்க பங்குக்காவ நீ நல்லா சண்ட போடு. லீவு தன்னால வரும்."

அன்றிலிருந்து செல்வசிங் போட்ட சண்டையில் பக்கத்துப் பங்கே பற்றி எரிந்திருக்கும். கேரத் காதைத் தடவிக்கொண்டு, "அவ்வளவு மோசமானவனா அவன்?" என்று மட்டும் கேட்பார். சமையலறையிலிருந்து மேகன் கேக்கோடு வந்து நிற்பார்.

"அந்தக் கணக்கப்பிள்ளையைப் பத்திச் சொன்னியே, இன்னொரு தடவை சொல்லு."

இன்றும் அதையேதான் கேட்டார். லீவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்று செல்வசிங் இருந்த சரக்கையெல்லாம் இறக்கினான்.

"அசல் களவாணி மேடம் அவன். ஏழு தலமொறைக்கும் மூஞ்சியப் பாத்தாலே தெரியும். நானா இருந்தா அவனுக்குக் கல்லறைத் தோட்டத்துல எடமே குடுத்திருக்க மாட்டேன்."

மேகன் சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. கேக்குத் தட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"போதும் கேரத். பாவம், குடுத்துடுங்க."

கேரத் இழுப்பறையைத் திறந்து லீவு மனுவை எடுத்து நீட்டினார். கையெழுத்து இருந்தது. அதன் கீழே, மூன்று சனிக்கிழமைக்கு முந்தைய தேதியும் இருந்தது.

"அன்னிக்கே போட்டாச்சு. டிக்கெட்டும் போட்டாச்சு. இவதான் குடுக்க விடல. குடுத்தா நீ திட்டுறத நிறுத்திடுவியாம்."

செல்வசிங்குக்குச் சந்தோஷத்திலும் ஒன்று விளங்கவில்லை. "உங்க பங்குக்காவத்தான சார் திட்டுனேன்?"

கேரத் மறுபடி காதைத் தடவிக்கொண்டார்.

"அது மேகனோட பங்கு, செல்வசிங். கணக்கப்பிள்ளை என்னோட கொள்ளுத் தாத்தா."