எதிர் நாற்காலி

தடுப்புச் சுவருக்கு அப்பாலிருந்து முதல் வாக்கியம் கேட்டதும் அண்ணன் தலையைத் திருப்பித் தங்கையைப் பார்த்தான்.

'கதவைத் திறக்க வேண்டாம் அம்மா, காதை மட்டும் திற.'

கடந்த வாரம் முழுவதும் அவன் வீட்டில் கேட்ட வாக்கியம் அது. தங்கை அதைக் குளியலறையில் சொன்னாள், மாடிப்படியில் சொன்னாள், சாப்பிடும்போதும் முணுமுணுத்தாள்.

இப்போது உள்ளே அதைச் சொல்லிக்கொண்டிருந்தவள் குருவி.

குருவி, தங்கையின் தோழி. உடம்பு சிறியது, குரல் பெரியது. நாடகக் கல்லூரியின் நுழைவுத் தேர்வுக்கு இருவரும் ஒரே பேருந்தில் வந்திருந்தார்கள். தேர்வாளர்கள் முன்னால் ஆளுக்கொரு தனிவசனம் பேசிக் காட்ட வேண்டும். எந்த நாடகத்திலிருந்து எதைப் பேசுவது என்பது அவரவர் தெரிவு.

இன்று தேறாவிட்டால் தங்கை மாமாவின் மருந்துக்கடைக் கல்லாவில் உட்கார வேண்டியதுதான். அதை வீட்டில் எப்போதோ முடிவுசெய்துவிட்டார்கள்.

ஒருவருடைய திறமையை அளக்கும் அறைக்கு அட்டை போன்ற தடுப்பை வைக்க எவருக்குத்தான் மனம் வந்ததோ. நடைக்கூடத்தில் காத்திருந்த அத்தனை பேரும் அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அரைநாள் விடுப்பில் வந்தவனுடைய நகக்கண்களில் மசகு இன்னும் கறுத்திருந்தது.

"நடுமாடியில நின்ன லிஃப்ட்ல மாட்டுன ஆள் மாதிரி ஏன் முழிக்கிற? அது உன் வசனம்தானே?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். அதை அவன் துக்கம் என்று எடுத்துக்கொண்டான். எழுத்தரின் மேசைக்கு விரைந்தான்.

காலையில் வசனங்களைப் பதிய இரண்டு வரிசைகள், இரண்டு மேசைகள். ஒரு மேசையில் பதிந்தது மற்றொரு மேசைக்குத் தெரியாது. எழுத்தர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பிறகு தாமே எழுந்து தங்கையிடம் வந்தார்.

"முதல்ல பதிஞ்சது நீதான்மா. ஒரே வசனத்தை ரெண்டு பேர் பேசக் கூடாது. உன் வாயால ஒரு வார்த்தை சொல்லு, உள்ள இருக்கிற பொண்ணோடது செல்லாது."

நியாயத்துக்காக ஆண்டுக்கணக்கில் அலையவைக்கும் அலுவலகங்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறோம். இங்கே அதைத் தட்டில் வைத்து நீட்டினார்கள்.

எழுத்தர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அண்ணன் காதருகே பொரிந்தான். நம் வீட்டில் எத்தனை வேளை சாப்பிட்டிருக்கிறாள், உன் அறையிலேயே பழியாகக் கிடந்தாளே, அதெல்லாம் இதற்குத்தானா என்றான்.

உள்ளே குருவியின் குரல் தணிந்தது. மகள் கெஞ்சுகிறாள், தாய் வாய் திறவாமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கிறாள். அதுதான் காட்சி. ஒவ்வொரு கெஞ்சலுக்குப் பின்னும் குருவி சற்று நிறுத்தினாள்.

அந்த இடைவெளியில் தங்கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் தாமாகவே ஒன்றுசேர்ந்தன.

"வேணாம் சார்" என்றாள்.

பெருந்தன்மை காட்டுகிற இடமா இது என்று அண்ணன் பல்லைக் கடித்தான். எழுத்தர் பேனாவை மூடினார்.

கதவு திறந்தது. வியர்த்த முகமும் சிரிப்புமாக வந்த குருவி, தங்கையின் கையை இறுகப் பற்றினாள். பயப்படாதே, கண்ணாடி போட்ட அம்மையார் நல்லவர் என்று கிசுகிசுத்தாள். அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

உள்ளே தேர்வாளர்கள் மூவர். கண்ணாடி அணிந்தவர் தாளைப் பார்த்துப் புருவத்தை நெரித்தார். இப்போதுதானே இதைக் கேட்டோம், வேறு ஏதும் இல்லையா என்றார்.

தங்கை ஒரு நாற்காலி கேட்டாள்.

உட்கார்ந்தாள். இல்லாத ஊசியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். நூல்முனையை எச்சிலால் நனைத்து ஊசிக்காதுக்குள் நுழைக்கப் பார்த்தாள், நுழையவில்லை. யாரோ கதவருகில் நின்று பேசுவதைப் போல அவளுடைய தோள் ஒருமுறை நடுங்கியது. தலை மட்டும் நிமிரவில்லை. மறுபடியும் நுழைத்தாள். கடைசியில், தைத்து முடித்த நூலைப் பல்லால் கடித்தறுத்தபோதுதான் கதவுப் பக்கம் பார்த்தாள். அங்கே எவரும் இல்லாததைப் பார்த்தாள்.

எழுதிக்கொண்டிருந்த தேர்வாளர்களின் கைகள் நின்றிருந்தன.

ஏன் பேசவே இல்லை என்று அம்மையார் கேட்டார்.

"எனக்கு அதைக் கேக்கத்தான் தெரியும் மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பார்த்தது நன்றாகவே இருந்தது என்றும், ஆனால் பேச்சுத் தேர்வில் பேசாதவருக்கு மதிப்பெண் போட முடியாது என்றும் சொன்னார். நேரம் இன்னும் இருக்கிறது, உனக்கென்று ஒரு வசனம் இருந்தால் பேசு. நடுவில் வெளியே போனால் மட்டும் திரும்பி வர முடியாது என்றார்.

தங்கை வாயைத் திறந்தாள்.

மெல்லிய தடுப்பைத் தாண்டி அண்ணனின் குரல் வந்தது.

"கூடவே இருந்து குழி பறிச்சிட்டியேம்மா. என் தங்கச்சி வசனத்தைத் திருட உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

குருவியின் பெரிய குரல் எதையும் சொல்லவில்லை.

தங்கை நாற்காலியை விட்டு எழுந்தாள். கதவைத் திறந்தாள். அதை மூடவில்லை.

"அவளைத் திட்டாத அண்ணா. அது அவளோட வசனம். ரெண்டு வருஷமா, நீ வேலைக்குப் போனப்புறம், என் அறையில அவ பேசினா. நான் எதிர்ல உக்காந்து அம்மாவா கேட்டேன், அவ்வளவுதான். காலையில அவ தலை வாரப் போன நேரத்துல, ஓடிப்போய் அதை என் பேர்ல பதிஞ்சது நான்."