பாடை திரும்பாத சந்து

நகரத்தின் நடுவில், பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகிற தூரத்தில், பாதி விலைக்குப் பழைய வீடு வாங்கிய தன் சாமர்த்தியத்தைப் பால் காய்ச்ச வந்த உறவினர்களுக்கு மூன்று முறை விளக்கிவிட்டார் தணிகாசலம். நான்காவது முறை தொடங்கும்போது வாசலில் நாலு பேர் பணிவாக நின்றார்கள். தோளில் பாடை.

“சார், அந்த சோபாவைக் கொஞ்சம் நகத்துறீங்களா?”

“யோவ், இது வீடுய்யா!”

“வீடுதான் சார். சந்து முனையில பாடை திரும்பாது. எங்க சாவெல்லாம் இப்படி நுழைஞ்சு, உங்க கொல்லைக் கதவு வழியாத்தான் மெயின்ரோட்டுக்குப் போகும். புரோக்கர் சொல்லலையா?”

அக்கம்பக்கத்தார் உரிமையோடு வந்து போவார்கள் என்று புரோக்கர் சொல்லியிருந்தார். தணிகாசலம் அதைப் பண்பாடு என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

சட்டம் பேசினார். கமிஷனரைத் தெரியும் என்றார். அவர்கள் தோள் மாற்றிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்கள். கடைசியில் சோபாவின் ஒரு முனையை அவரே தூக்க வேண்டியதாயிற்று.

கூடத்துக் கட்டிலில் அவர் மனைவி திலகம் படுத்திருந்தாள். அவளுடைய டயாலிசிஸுக்கு அலையக் கூடாதென்றுதான் இந்த வீடே. முன்னால் சுமந்தவர் அவளுடைய வீங்கிய கால்களைப் பார்த்தார். பிறகு கொல்லைக் கதவைப் பார்த்தார்.

“உங்களுக்கு இந்தக் கஷ்டமெல்லாம் இல்ல சார்,” என்றார் ஆறுதலாக. “நேரா போயிடலாம்.”

தணிகாசலம் கத்துவதற்கு வாயெடுத்தார்.

“ஏங்க,” என்றாள் திலகம். “இந்தக் கட்டிலையும் கொஞ்சம் ஓரமாத் தள்ளுங்க. அவங்களுக்கு இடிக்கப்போகுது.”

சோபாவின் முனை இன்னும் அவர் கையில்தான் இருந்தது.