காப்பர் கம்பிக்கு ஒரு கன்சல்டண்ட்

கிருபாசங்கர் மில் வேலையை உதறிவிட்டுப் பீளமேட்டில் 'தொழில் ஆலோசகர்' என்று போர்டு மாட்டி ஒரு வருஷம் ஆகிறது. வந்த ஒரே பெரிய வாய்ப்பையும் போன மாதம் கெடுத்துக்கொண்டான். பம்ப் கம்பெனி வாசலில் கிரீஸ் கையோடு நின்றவரிடம், "ஏப்பா, மொதலாளி உள்ள இருக்காரா?" என்று கேட்டுத் தொலைத்தான். முதலாளியே அவர்தான்! கோயமுத்தூரில் கோடீஸ்வரர்கள் அழுக்கு வேட்டியோடு லேத்தில் நிற்பார்கள் என்பது, பிறந்து வளர்ந்தவனுக்கே மறந்து போயிற்று.

இப்போது இன்னொரு வாய்ப்பு. பாலுசாமி என்பவர் போன் செய்திருந்தார். மோட்டார் பட்டறையில் காப்பர் கம்பி களவு போகிறதாம். வந்து வழி சொல்ல வேண்டுமாம்.

"இதுவும் போச்சுன்னா, பேசாம தாராபுரத்துல எங்கப்பா கோழிப்பண்ணையப் பாத்துக்கலாமுங்க" என்றாள் மனைவி பிரவீனா.

மாமனாரிடம் கைகட்டி முட்டை பொறுக்குவதா? டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினான்.

அவன் போனது மதியச் சாப்பாட்டு நேரம். பட்டறையில் ஆள் அரவமில்லை. கம்ப்ரஸர் மட்டும் காது கிழிய இரைந்தது. ஸ்டோர் ரூம் வாசலில், கரி படிந்த வேட்டியோடு ஒருவர் காப்பர் சுருள்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவை ஏமாறுவானா? இடுப்பு வரை குனிந்து கும்பிட்டான்.

"வணக்கமுங்க! காப்பர் களவு விஷயமா வரச் சொல்லியிருந்தீங்களே, கன்சல்டண்டுங்க."

அவர் கையிலிருந்த சுருளை நழுவவிட்டார். இவ்வளவு மரியாதையை எதிர்பார்க்கவில்லை போலும். பிறகு வாயெல்லாம் பல்லாக, "வாங்க, வாங்க! சாப்டீங்களா?" என்றார்.

"மொதல் வேலையா, மிச்சமிருக்கற காப்பரப் பத்திரமான எடத்துக்கு மாத்தோணுமுங்க."

"அதத்தானுங்க செஞ்சுட்டிருக்கறேன்!"

சொல்வதற்கு முன்பே செய்கிற முதலாளி! இப்படி ஒரு ஆள் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். கிருபாசங்கர் டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கூடமாட நின்று ஏற்றிவிட்டான்.

திடீரென்று வேட்டிக்காரர் அவனை டெம்போவுக்குப் பின்னால் இழுத்தார். சபாரி சூட், விரல் நிறைய மோதிரம் என்று ஒருவன் நேராக ஸ்டோர் ரூமுக்குள் நுழைந்தான்.

"யாருங்க அது?"

"ஸ்டோர் கீப்பருங்க."

"ஸ்டோர் கீப்பருக்கு ஏதுங்க இத்தன மோதரம்?"

"அட! எனக்கு இது தோணாமப் போச்சுங்களே!"

அவ்வளவுதான். கிருபாசங்கர் பாய்ந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். உள்ளே இருந்தவன் கதவை இடித்து, ஜன்னல் கம்பி வழியே அவன் டையைப் பார்த்து ஏதோ கத்தினான். கம்ப்ரஸர் இரைச்சலில் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை.

"புடிச்சுப்போட்டீங்களே சாமி! உட்டுறாதீங்க, நா போயி போலீஸக் கூட்டிட்டு வாரேன்" என்று டெம்போவில் ஏறிப் பறந்தார் வேட்டிக்காரர்.

வந்த கையோடு திருடனைப் பிடித்தாயிற்று. கோழிப்பண்ணையாவது, முட்டையாவது! கதவில் முதுகைச் சாய்த்து மீசையை நீவிக்கொண்டு நின்றான் கிருபாசங்கர்.

கரண்ட் போனது. கம்ப்ரஸர் அடங்கியது. உள்ளேயிருந்து வந்த குரல், கோபத்திலும் மரியாதை குறையாமல் தெளிவாகக் கேட்டது.

"ஏனுங்க கன்சல்டண்டு, உங்களுக்குப் போன் பண்ணுன பாலுசாமி நாந்தானுங்க, கதவத் தொறந்துபோட்டு, அந்த டெம்போ எந்தப் பக்கம் போச்சுன்னாச்சும் சொல்லுங்க!"