முழு வருகைக் கேடயம்

மூன்றாம் வகுப்பின் வாசலில் முழு வருகைக் கேடயம் தொங்கியது. உள்ளே பாதிப் பிள்ளைகள் இருமிக்கொண்டிருந்தார்கள். தலைசாய்த்திருந்த மகிழினியின் கழுத்தைத் தொட்ட தமயந்தி டீச்சருக்குக் கை சுட்டது.

"வீட்டுக்குப் போடா கண்ணு."

"போனா கேடயம் போயிடும் மிஸ். அம்மா மருந்து குடுத்துத்தான் அனுப்புனாங்க."

டீச்சர் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதைக் கேட்டுத் தலைமையாசிரியர் ஓடி வந்தார். "லீவு கூடுனா சுகாதாரத் துறை வந்து நிக்கும்மா. நம்ம பேரு என்னாகும்?"

"வரட்டும் சார். காய்ச்சல் பரவுதான்னு பாக்கத்தானே தினமும் வருகைக் கணக்கு கேக்குறாங்க? பேரா, பிள்ளைங்களா?"

காய்ச்சலில் இருந்த அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினாள். ஒவ்வொரு பெயருக்கும் 'வரவில்லை' என்று செல்போனில் பதிந்தாள். கேடயத்தை ஆணியோடு பிடுங்கித் தலைமையாசிரியர் மேசையில் போட்டாள்.

மதியம் அந்த மேசையில் போன் அடித்தது; சுகாதாரத் துறையின் எண். அவர் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தபோது, தமயந்தி எடுத்தாள்.