மூலையில் நின்ற கால்

அறக்கட்டளை கொடுத்த செயற்கைக்கால் அறை மூலையில் தனியே நின்றது. அதை மாட்டிக்கொண்டு இருதயராஜ் நடந்த வீடியோவைப் பார்த்துத்தான் போன மாதம் நன்கொடை குவிந்தது. இப்போது அது உரசிக் கால் புண்ணாகி, அவர் மறுபடி ஊன்றுகோலுக்கு வந்திருந்தார்.

"புது வீடியோவுக்கு நாலு எட்டு நடந்து காட்டட்டுமாம்மா? பல்லைக் கடிச்சிக்கிறேன்."

"வேண்டாம்ணே" என்றாள், அறக்கட்டளையின் முகநூல் பக்கத்தைக் கவனிக்கும் சுகிர்தா. மூலையில் நின்ற காலைப் படம் பிடித்து, "அளவு பொருந்தாமல் புண்ணாகிவிட்டது. தவறு எங்களுடையது" என்று எழுதிப் போட்டாள்.

சற்று நேரத்தில் நிர்வாகி போனில் கூப்பிட்டார். "இதைப் பார்த்தா இனி எவன் தருவான்? முதல்ல அழி."

அழிக்கப் போனவள் கண்ணில் ஒரு பின்னூட்டம் பட்டது. நன்கொடை தந்த யாரோ ஒருவர், "புண் ஆறிவிட்டதா?" என்று கேட்டிருந்தார். அதை அவள் வாய்விட்டுப் படித்தாள்.

அதுவரை யாருக்கும் காட்டாத காலின் மேலிருந்து வேட்டியை இருதயராஜ் மெல்ல விலக்கினார்.

"இன்னும் ஆறலேன்னு போடுங்க" என்றார்.